பேட்டரி மேல் ஒட்டிய சொல்

செப்டம்பர் 4

கோபக்கார அக்காவுக்கு,

பதினோரு தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை மாமா எடுத்து, கடையில் கூட்டம், அவள் கை வேலையாக இருக்கிறாள் என்றார். பின்னால் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. அவ்வளவு அமைதியான கூட்டத்தை நான் கேட்டதே இல்லை. அதனால்தான் கடிதம். இதைக் கிழித்துப் போட்டாலும் போடுவாய், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படிப்பாய். உன் புத்தி எனக்குத் தெரியாதா?

ரோபோ போட்டி மறுபடி வருகிறது. பிப்ரவரியில் இறுதிச் சுற்று, அதே அரங்கம். இயற்பியல் மிஸ் என்னை அணியில் சேர்த்துக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. பேட்டரிப் பக்கம் நான் போகக்கூடாதாம். பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்போது 'ஜீரோ சார்ஜ்' என்று பெயர். கேன்டீன்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். நானும் திரும்பிப் பார்க்கிறேன், பழகிவிட்டது.

போன பிப்ரவரியை நான் மறக்கவில்லை. ஒரு நிமிடம் பாக்கி இருக்கும்போது நம் ரோபோ நடுவில் செத்து நின்றது. நீ எல்லார் முன்னாலும் என்னைக் கைகாட்டி, "இவ சார்ஜ் போடல மிஸ்" என்றாய். ஜெயித்திருந்தால் தொழில்நுட்பக் கல்லூரியில் உனக்கு நேராக இடம் கிடைத்திருக்கும். அது போயிற்று. அன்று சாயங்காலம் அப்பாவின் தையல் கடை வாசலில் அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டார்கள், அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நான்தான். ஏழு மாதமாக மன்னிப்புக் கேட்கிறேன், யாரும் எடுக்காத போனிடம். ஆனால் அக்கா, சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகத்தான் ஞாபகம். இப்போதெல்லாம் என் கண்ணையே நான் நம்புவதில்லை.

உன் கறுப்பு அட்டை நோட்டு வேண்டும், எந்த ஒயர் எங்கே போகிறது என்று நீ படம் போட்டு வைத்தது. அதை அனுப்பினால் போதும். பேசக்கூட வேண்டாம்.

அம்மா எப்படி இருக்கிறாள்? இங்கே அப்பா இரண்டு பேருக்குச் சமைக்கிறார், நாலு பேருக்கு ஆகிறது. அவருக்குக் கை அளவு இன்னும் மாறவில்லை.

உன் வாலு

செப்டம்பர் 19

வாலுக்கு,

நோட்டு அனுப்ப மாட்டேன். அதில் இருப்பது நின்றுபோன ரோபோவின் படம். அதைப் பார்த்துக் கட்டினால் பழைய குருடி கதவைத் திறடி என்றுதான் ஆகும்.

நான் சொல்வதைக் கேட்டுக்கொள். போன வருடம் நாம் வேகத்துக்கு ஆசைப்பட்டோம். நீ நிற்காமல் ஓடுவதற்கு ஆசைப்படு. ஒவ்வொரு நட் மேலும் பெயிண்டால் ஒரு கோடு போடு, கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது என்று தெரியும். ஒயரை எல்லாம் இழுத்துப் பார். கையோடு வந்தால் அழாதே, போட்டியில் வர வேண்டியது இப்போதே வந்ததே என்று சந்தோஷப்படு. ரோபோவை மேசை மேல் வைத்து மேசையை உதை. போட்டிக்கு மூன்று நாள் முன்னால் புரோகிராமைப் பூட்டிவிடு, அப்புறம் மிஸ்ஸே சொன்னாலும் ஒரு எழுத்து மாற்றாதே. யார் கையும் படாமல் ஐம்பது தடவை ஓடி முடிக்க வேண்டும். நாற்பத்தொன்பதில் நின்றால் மறுபடி ஒன்றிலிருந்து.

இங்கே மாமா கடையில் உடைந்த போன்களுக்குத் திரை மாற்றுகிறேன். கல்லூரியில் சேர்க்கிறேன் என்றுதான் கூட்டிவந்தார். இந்த வருடம் தேதி போய்விட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார். அத்தை அதைக் கேட்டுக் கேட்காதது மாதிரி உள்ளே போய்விடுகிறாள். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஒண்ட வந்த இடத்தில் வாயை அளந்துதான் திறக்க வேண்டும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். பச்சை விளக்கைப் பற்றி இனிமேல் எழுதாதே. அதைப் பேசி ஆகப்போவது எதுவும் இல்லை.

அக்கா

அக்டோபர் 12

அக்காவுக்கு,

நோட்டு வரவில்லை, ஆனால் நோட்டை விட நல்லது வந்தது. உன் கடிதத்தை ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டிவிட்டேன், மேல் பாதியை மட்டும். கீழ்ப் பாதி என் பையில் இருக்கிறது.

புது ரோபோவுக்கு 'நத்தை' என்று பெயர் வைத்திருக்கிறோம். பார்த்தால் சிரிப்பாய். குட்டை, அகலம், அழகு என்பது மருந்துக்கும் இல்லை. கட்டையை எடுக்கும், மெதுவாகப் போகும், அடுக்கும், திரும்பும். பக்கத்துப் பள்ளிக்கூடத்து ரோபோ மூன்று கட்டை வைக்கிற நேரத்தில் நம் நத்தை ஒன்று வைக்கிறது. ஆனால் வைத்தது விழுவதில்லை. மேசையை நான் உதைத்ததில் மேசைக்கால்தான் உடைந்தது, நத்தை அப்படியே உட்கார்ந்திருந்தது. மிஸ் என்னைத் திட்டுவதா நத்தையைப் பாராட்டுவதா என்று தெரியாமல் நின்றார்.

முப்பத்தொன்றாவது ஓட்டத்தில் ஒருமுறை நின்றது. கை மேலே போகும்போது ஒயர் பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. எத்தனை டேப் சுற்றினாலும் நழுவியது. அப்பாவிடம் சும்மாதான் சொன்னேன். அவர் ஒயரை அளவெடுத்து, கோட்டு தைக்கும்போது உள்ளே வைக்கிற துணியில் ஒரு சின்னக் கைப்பட்டி தைத்துக் கொடுத்தார், நத்தையின் கைக்கு முழுக்கை சட்டை போட்ட மாதிரி. "எந்தப் பக்கம் மடங்குதுன்னு பாத்து அந்தப் பக்கம் தளர்த்தி விடணும், துணியா இருந்தா என்ன, ஒயரா இருந்தா என்ன" என்றார். அதற்கப்புறம் மாட்டவே இல்லை. இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் அம்மாவின் பேரையும் எடுப்பதில்லை, உங்க அம்மா என்றும் சொல்வதில்லை. 'அங்க' என்கிறார். அங்க மழையாமா, அங்க உடம்பு நல்லா இருக்காமா என்று கேட்கிறார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன். நீ எழுதினால்தானே எனக்குத் தெரியும்?

வாலு

அக்டோபர் 28

வாலுக்கு,

கைப்பட்டி நல்ல யோசனை. இரண்டு தைத்து வைத்துக்கொள்ளச் சொல், ஒன்று கிழிந்தால் மாற்று வேண்டும்.

இங்கே மழை இல்லை. அம்மாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலைக்குப் போகிறாள். இதை அப்பாவிடம் சொல்லலாம்.

நத்தை என்ற பெயர் பிடித்திருக்கிறது. நீண்ட நாளைக்கு அப்புறம் சிரித்தேன், பட்டறை மேசையில் உட்கார்ந்துகொண்டு. மாமா என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

அக்கா

நவம்பர் 15

அக்கா, அக்கா, அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

புதுப் பேட்டரிகள் வைக்க அலமாரியைக் காலி செய்யச் சொன்னார் மிஸ். பேட்டரியைத் தொடாதே என்ற சட்டம் தூக்கிப் போடுகிற பேட்டரிக்குக் கிடையாதாம். போன பிப்ரவரியில் பூட்டி வைத்த பெட்டி அப்படியே இருந்தது. உள்ளே இரண்டு பேட்டரி. ஒன்றில் எதுவும் ஒட்டவில்லை. அன்றைக்கு ரோபோவிலிருந்து கழற்றிப் போட்டது அதுதான். இன்னொன்றில் வெள்ளை டேப், அதில் என் கோழிக்கிறுக்கல் எழுத்தில் 'முடிஞ்சது' என்று இருந்தது.

சும்மா மீட்டர் வைத்துப் பார்த்தேன். டேப் ஒட்டியது பன்னிரண்டே கால் வோல்ட். இத்தனை மாதம் கழித்தும் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. ஒட்டாதது ஒன்பதைத் தொடவில்லை. மூன்று தடவை அளந்தேன், மீட்டரை மாற்றியும் அளந்தேன். நான் சார்ஜ் போட்டிருக்கிறேன், அக்கா. சார்ஜ் முடிந்தது என்று டேப்பில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன். நான் படிவம் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் நீ மேசையிலிருந்து மற்றதை எடுத்து மாட்டியிருக்கிறாய். அரையிறுதியில் ஓடிக் களைத்ததை.

உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் உன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள் நீ. டேப் ஒட்டியதை விட்டுவிட்டு ஒட்டாததை எப்படி எடுப்பாய்? மூன்றாம் நாள் உப்பு தேடி அடுக்களை மேல்தட்டைத் துழாவினேன். அம்மா போனதிலிருந்து தொடாத தட்டு. ஒரு டப்பா மூடியில் அம்மா எழுத்தில் ஒரு சீட்டு, 'முடிஞ்சது'. திறந்தால் காலி. வாங்க வேண்டும் என்பதற்காக ஒட்டி வைத்தது. அப்படியே டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அங்கே கம்பியில் தொங்குகிற ஒவ்வொரு சட்டையிலும் அப்பா குத்தி வைத்த சீட்டு, 'முடிஞ்சது'. தைத்தாயிற்று, கொடுக்கலாம் என்று அர்த்தம்.

நான் கடையில் பட்டன் தைத்து வளர்ந்தவள். நீ அம்மா கூட அடுக்களையில் வளர்ந்தவள். எனக்கு முடிஞ்சது என்றால் தயார். உனக்கு முடிஞ்சது என்றால் தீர்ந்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு, இப்படி ஒரு கூத்து. நீயும் தப்புச் செய்யவில்லை, நானும் தப்புச் செய்யவில்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் அழுதேன். துணி வாங்க வந்தவர் அளவு சரியில்லையோ என்று பயந்துபோனார்.

இன்னொன்று. அன்றைக்குச் சாயங்காலம் அம்மா அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் நாள் முழுக்க அவசரத் துணிக்கு ஓரம் அடிக்க என்னைக் கடையில் உட்கார வைத்தாராம், அதனால்தான் நான் சார்ஜ் போட மறந்தேனாம், அவர் கடைக்காக உன் வாழ்க்கை போயிற்றாம். கடைசியில், "இனிமே இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள். அப்பா துணியை மடித்து வைத்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார், "முடிஞ்சது." அம்மா உள்ளே போய்ப் பையை எடுத்தாள். அக்கா, அப்பா கடை அர்த்தத்தில் சொல்லியிருந்தால்? பேச்சு முடிந்தது, விடு, சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தால்? அம்மா அதை அடுக்களை அர்த்தத்தில் கேட்டிருந்தால்?

அம்மாவிடம் கேள். தயவுசெய்து கேள்.

வாலு

டிசம்பர் 9

வாலுக்கு,

படித்தேன். நீ சொல்வது மாதிரி இருக்கலாம்.

இதை மிஸ்ஸிடமோ அப்பாவிடமோ இப்போது சொல்ல வேண்டாம். போட்டி முடியட்டும். பேட்டரி மேல் எந்தச் சொல்லும் எழுதாதே. சார்ஜ் ஆனது ஒரு பெட்டியில், ஓடினது வேறு பெட்டியில், இரண்டு பெட்டியும் இரண்டு மேசையில். மாட்டுவதற்கு முன்னால் யாராக இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. நீயும் கேட்காதே.

அக்கா

ஜனவரி 7

அக்காவுக்கு,

நீ மறுபடி எழுதுவாய் என்று காத்திருந்தேன். இருபத்தொன்பது நாள் ஆகிவிட்டது. உன் கடைசிக் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தும் உனக்கு ஏன் சந்தோஷம் இல்லை என்று எனக்குப் புரியவில்லை. குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தால் வக்கீலுக்காவது சிரிப்பு வராதா?

மிஸ்ஸிடம் சொல்லவில்லை. நீ சொன்னதால் ஜீரோ சார்ஜாகவே நடமாடுகிறேன். ஆனால் அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துவிடு. டேப்பையும் அம்மாவின் சீட்டையும் தையல் மெஷின் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மிதியை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அம்மாவின் எழுத்தைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்புறம் நான் கேட்டேன்.

"அன்னைக்கு நீங்க சொன்னது எந்த முடிஞ்சதுப்பா?"

"சண்டை முடிஞ்சதுன்னுதான் சொன்னேன். வேற என்ன?"

இதைச் சொல்லும்போது ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். ஒரே தடவையில் கோர்க்கிறவர், அன்றைக்கு நாலு தடவை ஆயிற்று. கோர்த்து முடித்ததும், "போட்டிக்கு அங்க இருந்து வர்றாங்களான்னு கேளு. நான் கடையைச் சாத்திட்டு வரேன்" என்றார். அக்கா, கல்யாண ஆர்டர் இருக்கும்போது காய்ச்சலில்கூடக் கடையைச் சாத்தாத மனிதர்.

அதனால் இப்படித் திட்டம் போட்டிருக்கிறேன். பிப்ரவரி பதினான்காம் தேதி நீயும் அம்மாவும் வாருங்கள். யாரும் யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்து நத்தையைப் பார்த்தால் போதும். மற்றது தானாக நடக்கும். நத்தை நேற்றோடு ஐம்பது ஓட்டம் முடித்துவிட்டது, ஒரு தடவைகூட நிற்கவில்லை, யார் கையும் படவில்லை. அது நிற்காது. அது நிற்காவிட்டால் இந்த வருடம் எல்லாமே சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. பைத்தியக்காரி என்று சொல், ஆனால் வா.

வாலு

ஜனவரி 26

என் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுகிறேன், எப்படி இருந்தாலும்.

எனக்கு அன்றைக்கே தெரியும்.

நீ மிஸ் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாய். நான் சாமான்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். டேப் ஒட்டின பேட்டரி கையில் கனமாக இருந்தது மாதிரி தோன்றியது. பேட்டரி சார்ஜ் ஆனால் கனக்காது, எனக்குத் தெரியும், ஆனாலும் தோன்றியது. மீட்டர் வைத்தேன். பன்னிரண்டரை. ரோபோ நின்று பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் தீர்ந்தது என்று நினைத்துத் தள்ளி வைத்தது நிறைந்த பேட்டரி, நான் என் கையால் மாட்டியது காலியானது. உன் எழுத்தை நான் எப்படிப் படித்தேன் என்பதும் அந்த இடத்திலேயே புரிந்தது. நீ ஒன்பது மாதம் கழித்துக் கண்டுபிடித்ததை நான் அங்கேயே நின்று கண்டுபிடித்தேன்.

பெட்டியை மூடினேன். மிஸ்ஸிடம் சாவியைக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. என் இடத்தை நானே கெடுத்துக்கொண்டேன் என்று மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன்னிடம் தனியாகச் சொல்லி, உனக்கு எதையாவது வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த 'நாளை' வரவே இல்லை. கடை வாசலில் அம்மா அப்பாவைப் பார்த்து, உங்க கடை வேலைக்கு அவளை உட்கார வெச்சீங்க என்று ஆரம்பித்தபோது நான் இரண்டடி தள்ளி நின்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. "அம்மா, அவ சார்ஜ் போட்டுட்டா, தப்பு என்னுது" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. செருப்பின் வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். நான் நிமிர்ந்தபோது அம்மா உள்ளே போயிருந்தாள்.

உன் போனை நான் கோபத்தில் எடுக்காமல் இருக்கவில்லை. நீ மன்னிப்புக் கேட்பாய் என்று தெரியும். அதை என் காதால் கேட்க முடியாது என்பதால் எடுக்கவில்லை. எல்லாரும் உன்னை ஜீரோ சார்ஜ் என்று கூப்பிடுகிறார்கள் என்று நீ விளையாட்டாக எழுதினாய். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தாநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசித் துணி வரைக்கும் மடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"பேட்டரி இல்லேன்னா வேற ஏதாவது வந்திருக்கும். பத்து வருஷமா கிளம்பறதுக்கு ஒரு காரணம் தேடிட்டு இருந்தேன். அன்னைக்கு ஒண்ணு கிடைச்சுது, எடுத்துக்கிட்டேன்."

அப்பா சொன்ன வார்த்தையைப் பற்றியும் கேட்டேன், உனக்காக. நீ எழுதிய அடுக்களை அர்த்தம், கடை அர்த்தம் எல்லாம் சொன்னேன். கொஞ்சம் சிரித்தாள். இருபது வருடம் அவர் சட்டைச் சீட்டுகளைப் படித்தவள் அவள், அவள் டப்பாச் சீட்டுகளைப் பார்த்து சாமான் வாங்கி வந்தவர் அவர். அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியுமாம், அவள் என்ன கேட்டாள் என்று அவருக்கும் தெரியுமாம். குழப்பம் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது.

நாங்கள் வரமாட்டோம். அம்மா வரமாட்டாள் என்பது முடிவு. நான் மட்டும் வரலாம்தான், ஆனால் அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காத்திருக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடு. மிஸ்ஸுக்கு நானே தனியாக எழுதிவிட்டேன், பேட்டரிக்கு நீதான் பொறுப்பு என்று இனி அவரே சொல்வார்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வாய் இல்லை.

அக்கா

பிப்ரவரி 18

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. உனக்கு எழுதுவதற்கு நிறையத் திட்டு யோசித்து வைத்திருந்தேன். நல்ல நல்ல திட்டு. இப்போது அதெல்லாம் வேண்டாம்.

மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், பேட்டரிப் பெட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். நத்தை ஏழு சுற்றும் ஓடியது. ஒரு நட் நகரவில்லை, ஒரு ஒயர் மாட்டவில்லை. இறுதிச் சுற்றில் எதிரணி ரோபோ நம்மை விட இரண்டு மடங்கு வேகம். அது கடைசி முப்பது விநாடியில் சக்கரம் கழன்று உட்கார்ந்துவிட்டது. நத்தை அதைச் சுற்றிக்கொண்டு போய், அதன்பாட்டுக்குக் கட்டையை எடுத்து வைத்தது. ஜெயித்துவிட்டோம். போன வருடம் உனக்குக் கிடைக்க வேண்டிய இடம் இந்த வருடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. அதை எந்தக் கையால் வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை, வாங்கிக்கொண்டேன்.

இதை எழுத நான் உட்காரவில்லை. அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த அன்றே சொல்ல வேண்டும் என்று கடைக்குப் போனேன். அவர் தனக்கு ஒரு புதுச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் தைக்கிறவர், தனக்கென்று வெட்டி நான் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். அடுத்த நாள் காலர் வைத்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் தேய்த்துக்கொண்டிருந்தார். உண்மையை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன்னை நான் மன்னித்தது அந்தக் கடையில்தான், அக்கா, தேய்ப்புப் பெட்டிச் சூட்டில் நின்றுகொண்டு.

அரங்கம் திறப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். நான் திடலிலிருந்து திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவர் தெரிந்தார். பக்கத்தில் இரண்டு நாற்காலி காலி. ஒன்றில் தன் பையை வைத்திருந்தார், இன்னொன்றில் மடித்த துண்டை. கூட்டம் நிரம்ப நிரம்ப ஆட்கள் வந்து கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஆள் வருகிறது என்று சொன்னார். வாய் அசைவிலேயே தெரிந்தது. ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டபோது தான் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். இறுதிச் சுற்று முழுக்க நின்றுகொண்டே பார்த்தார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது அவரிடம் போனேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"ஒருவேளை பின்னால எங்கயாவது உட்கார்ந்திருந்தாங்களோ? இவ்வளவு கூட்டத்துல என் கண்ணுக்குப் படலயோ என்னமோ."

நான் ஆமாம் என்றேன். இருந்தாங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டாங்க என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார். அப்புறம் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஜெயித்ததை அவள் பார்த்தாளா, இளைத்திருக்கிறாளா, நீ வளர்ந்திருக்கிறாயா, என்ன உடுத்தியிருந்தாள் என்று ஒன்றொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வீட்டுக்குள் நுழையும்போது, "வந்துட்டா, பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அக்கா, அவர் என்றைக்காவது உன்னிடம் கேட்பார். நாம் இரண்டு பேரும் ஒன்றையே சொல்ல வேண்டும். நீங்கள் கடைசி வரிசையில் கதவுப் பக்கம் இருந்தீர்கள். அம்மா சாம்பல் நிறப் புடவை, நீ பச்சைச் சுடிதார். அம்மா கொஞ்சம் இளைத்திருக்கிறாள். நத்தை கடைசிக் கட்டையை வைத்தபோது அம்மா எழுந்து நின்று கைதட்டினாள், அப்பா இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

வாலு